லீவு விட முடியாத போராட்டம்: கல்லூரிக்குள் நடக்கும் பேச்சைக் கண்டு ஏன் பதற்றம்? கும்மிடிப்பூண்டிக்கு இதில் என்ன இருக்கு?

2021 ஜனவரி 22. 2023 செப்டம்பர் 5. திருவள்ளூர் மாவட்டக் கடலோர கிராமங்களில் இந்த இரண்டு தேதிகளையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத் திட்டத்துக்காக பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும் என்று அறிவிக்கப்பட்ட நாட்கள் அவை. இரண்டு முறையும் கூட்டம் நடக்கவில்லை. தள்ளிவைக்கப்பட்டது.

திட்டம் சின்னது இல்லை. 330 ஏக்கரில் இருக்கும் துறைமுகத்தை 6,110 ஏக்கருக்கு விரிவுபடுத்துவது, ஆண்டுக்கு சுமார் 2.5 கோடி டன்னாக இருக்கும் சரக்குக் கையாளும் திறனை 32 கோடி டன்னாக உயர்த்துவது, கடலையே மேடாக்கி சுமார் 2,000 ஏக்கர் நிலம் உருவாக்குவது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மதிப்பு சுமார் 53,000 கோடி ரூபாய். ஆதரவாளர்கள் வேலைவாய்ப்பு வரும் என்கிறார்கள். பழவேற்காடு மீனவர்கள், மண் அரிப்பு வரும், மீன்பாடு போகும், இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியே பாதிக்கப்படும் என்கிறார்கள்.

யார் சொல்வது சரி? இதை ஆதாரத்தோடு, நேருக்கு நேர், கேள்வி கேட்டுப் பேசித்தான் முடிவுக்கு வர முடியும். சட்டம் அதற்குக் கொடுத்த ஒரே மேடை அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டம்தான். அது நடக்கலைன்னா வேறு எங்கே பேசுவது?

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் தினமும் ஏறி இறங்கும் ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் இதற்கு ஒரு பதில் இருக்கலாம். பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரி இருக்கு, மீன்வளக் கல்லூரி இருக்கு. கவரைப்பேட்டையில் பொறியியல் கல்லூரிகள் இருக்கு. மீனைப் பற்றியும், மண்ணைப் பற்றியும், ரசாயனத்தைப் பற்றியும், சட்டத்தைப் பற்றியும் படித்தவர்களும் படிப்பவர்களும் இருக்கும் இடங்கள். ஆனால் சர்ச்சைக்குரிய ஒரு விஷயத்தை கல்லூரி வளாகத்துக்குள் பேசுவது இந்தியாவில் இப்போது அவ்வளவு சுலபம் இல்லை.

உலகம் முழுக்க இந்த வகைப் போராட்டத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது: ‘டீச்-இன்’.

டீச்-இன் என்றால் என்ன?

ஓர் இடத்தில் போய் உட்கார்ந்து எழ மறுத்தால் அது ‘சிட்-இன்’. 1960ல் அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவகங்களில் இப்படி உட்கார்ந்து போராடினார்கள். அந்தச் சொல்லைப் பார்த்துப் பிறந்ததுதான் ‘டீச்-இன்’. உட்காருவதற்குப் பதில் பாடம் நடத்துவது. வகுப்பை விட்டு வெளியேறாமல், வகுப்பையே போராட்டம் ஆக்குவது.

இது தொடங்கிய கதை சுவாரசியமானது. 1965 மார்ச் மாதம், வியட்நாம் மீது அமெரிக்கா தொடர் குண்டுவீச்சை ஆரம்பித்தது. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலர், எதிர்ப்புத் தெரிவிக்க ஒரு நாள் வகுப்பு எடுக்காமல் இருக்கப் போவதாக அறிவித்தார்கள். அவ்வளவுதான், கண்டனம் குவிந்தது. மாநில ஆளுநரே எதிர்த்தார். ‘சம்பளம் வாங்கிக்கிட்டு பாடம் எடுக்க மாட்டேன்னா எப்படி?’ என்ற கேள்வி பொதுமக்களிடமும் எடுபட்டது.

அப்போது மானுடவியல் பேராசிரியர் மார்ஷல் சாலின்ஸ் ஒரு யோசனை சொன்னார். கடமையைச் செய்யவில்லை என்பதுதானே குற்றச்சாட்டு? அப்படியானால் வழக்கத்தைவிட அதிகமாகப் பாடம் எடுப்போம், ராத்திரி முழுக்க எடுப்போம்.

மார்ச் 24 இரவு 8 மணிக்கு ஆரம்பித்து மறுநாள் காலை 8 மணி வரை நடந்தது. 3,000 பேருக்கு மேல் வந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே மாணவிகள் விடுதிக்கு இரவு குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பியாக வேண்டும். அன்று மட்டும் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. நடுவில் வெடிகுண்டு மிரட்டல் வந்து அரங்கைக் காலி செய்ய வேண்டியிருந்தது. குளிரில் வெளியே நின்று பேச்சைத் தொடர்ந்தார்கள். போரை ஆதரித்தவர்களும் வந்தார்கள், கேள்வி கேட்டார்கள்.

சில வாரங்களில் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இது பரவியது. மே மாதம் பெர்க்லியில் நடந்த டீச்-இன் சுமார் 36 மணி நேரம் நீண்டது, சுமார் 30,000 பேர் வந்து போனார்கள். வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியே வாஷிங்டன் கூட்டத்தில் பேராசிரியர்களோடு விவாதிக்க ஒப்புக்கொண்டார். கடைசி நேரத்தில் வரவில்லை. பிறகு ஜூன் மாதம் சிபிஎஸ் தொலைக்காட்சியில் நேரடியாக விவாதித்தார். அரசாங்கத்தை விவாத மேடைக்கு இழுத்து வந்ததுதான் அந்த இரவுகளின் பெரிய சாதனை. போர் உடனே நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் பல வருஷம் ஆனது.

எண்ணெய்க் கசிவிலிருந்து பிறந்த ஒரு நாள்

இந்தக் கதையில் திருவள்ளூர்காரர்களுக்கு நெருக்கமான ஒரு கிளை உண்டு. 1969 ஜனவரியில் கலிபோர்னியாவின் சான்டா பார்பரா கடலில் பெரும் எண்ணெய்க் கசிவு. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அமெரிக்க செனட்டர் கேலார்ட் நெல்சனுக்கு, வியட்நாம் டீச்-இன் போலவே சுற்றுச்சூழலுக்கும் செய்தால் என்ன என்று தோன்றியது. நாடு முழுக்க ஒரே நாளில் சுற்றுச்சூழல் டீச்-இன் நடத்தலாம் என்று அறிவித்தார். அந்த நாள் 1970 ஏப்ரல் 22. நம்ம ஊர்ப் பள்ளிகளில் மரக்கன்று நட்டு, படம் வரைந்து கொண்டாடும் ‘பூமி தினம்’ அதுதான்!

அன்று சுமார் 2 கோடி பேர் கலந்துகொண்டதாகக் கணக்கு. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உருவானது. மரக்கன்று மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தது. வாதம் செய்யும் பழக்கம் வழியிலேயே எங்கோ இறங்கிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்து மக்கள் ஓடினார்கள். எண்ணூரிலிருந்து பொன்னேரி, கும்மிடிப்பூண்டி கல்லூரிகள் ரயிலில் போய்வரும் தூரம்தான்.

தமிழ்நாட்டில் இதெல்லாம் புதுசா?

இல்லை. அமெரிக்காவில் அந்தச் சொல் பிறப்பதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஓர் உதாரணம் இருக்கிறது.

1943ல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று சுயமரியாதை இயக்கத்தினர் சொல்லிக்கொண்டிருந்த நேரம். தமிழ்நாடே கொந்தளித்தது. அந்த வாதம் நடந்த இடம் எது தெரியுமா? சென்னை சட்டக் கல்லூரி. பிப்ரவரி 9ஆம் தேதி, கொளுத்தலாம் என்ற தரப்பில் அண்ணா. கூடாது என்ற தரப்பில் பேராசிரியர் ரா.பி.சேதுப்பிள்ளை. அடுத்த மாதம் சேலத்தில் இன்னொரு சுற்று; அங்கே எதிர்த்தரப்பு நாவலர் சோமசுந்தர பாரதியார். அந்த உரைகள் ‘தீ பரவட்டும்’ என்ற தலைப்பில் புத்தகமாகவும் வந்தன.

இன்று எந்தக் கல்லூரியாவது இப்படி ஒரு தலைப்புக்கு அரங்கம் கொடுக்குமா என்று யோசித்தால், 80 ஆண்டுகளில் என்ன மாறியிருக்கிறது என்பது புரியும். தலைப்பு அவ்வளவு சூடு. ஆனால் மேடையில் இரண்டு தரப்பும் இருந்தது. கேட்கும் கூட்டத்திலும் இரண்டு தரப்பும் இருந்தது.

பேச்சைத் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 1936ல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டுக்குத் தலைமை உரையாற்ற அம்பேத்கரை அழைத்தார்கள். அச்சான உரையைப் படித்துப் பார்த்ததும், இதைப் பேசக் கூடாது என்று சிக்கல் எழுந்து மாநாடே ரத்தானது. அம்பேத்கர் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். பெரியார் அதைத் தமிழில் கொண்டுவந்தார். நடக்காத அந்தப் பேச்சுதான் ‘சாதி ஒழிப்பு’ என்று இன்றும் படிக்கப்படுகிறது.

போராட்டம் என்றால் லீவு!

மாணவர் போராட்டம் என்றாலே தமிழ்நாட்டில் நிர்வாகத்தின் முதல் பதில் என்ன? விடுமுறை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கல்லூரிகள் மூடப்பட்டன. 2013 மார்ச்சில் ஈழத் தமிழர்களுக்காக லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து, போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவியபோதும் அதேதான். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் பல கல்லூரிகள் லீவு விட்டன. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக சென்னைப் பல்கலைக்கழக மாணவர்கள் சேப்பாக்கம் வளாகத்தில் உட்கார்ந்தபோதும் விடுமுறை அறிவிப்புதான் வந்தது.

கணக்கு எளிது. வளாகம் காலியானால் கூட்டம் கலையும், விடுதி மாணவர் ஊருக்குப் போவார், சூடு ஆறும். 2017ல் மட்டும் இந்தக் கணக்கு தப்பியது. லீவு விட்ட மாணவர்கள் மெரினாவுக்கு வந்துவிட்டார்கள்.

டீச்-இன் வரும்போது இந்த ஆயுதம் வேலை செய்யாது. வகுப்புக்கு வராதவரை மிரட்டலாம். வகுப்பு முடிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் பாடம் கேட்கிறேன் என்பவரை என்ன சொல்லி அனுப்புவது? அதனால்தான் சண்டை வேறு இடத்துக்கு மாறியது. அனுமதிக் கடிதம். யார் பேசப் போகிறார்? என்ன தலைப்பு? எந்த அரங்கம்? யாருடைய பெயரில்? இன்று கல்லூரிப் பேச்சு சர்ச்சைகள் அத்தனையும் இந்த நாலு கேள்விக்குள் அடங்கும்.

ஒரு துண்டறிக்கை, ஓர் அநாமதேயக் கடிதம்

இதற்கு சரியான எடுத்துக்காட்டு சென்னையிலேயே இருக்கிறது. 2014 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளில் சென்னை ஐஐடி மாணவர்கள் சிலர் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தைத் தொடங்கினார்கள். வேலை என்ன? கூட்டம் போடுவது, பேச்சாளரை அழைப்பது, விவாதிப்பது, துண்டறிக்கை கொடுப்பது. ஓராண்டு கழித்து அதே நாளில், அம்பேத்கர் இன்றைக்கு ஏன் தேவை என்ற தலைப்பில் ஒரு பேராசிரியர் பேசினார். அதையொட்டிய துண்டறிக்கையில் நிலம் கையகப்படுத்தும் மசோதா, தொழிலாளர் சட்டத் திருத்தம் உள்ளிட்ட மத்திய அரசின் முடிவுகள் மீது கடும் விமர்சனம் இருந்தது.

பெயர் போடாத ஒரு புகார் டெல்லிக்குப் போனது. மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஐஐடியிடம் கருத்து கேட்டு 2015 மே 15 அன்று கடிதம் எழுதியது. ஒரே வாரத்தில், மே 22 அன்று, வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் ரத்து என்று மாணவர்களுக்கு இமெயில் வந்தது. அனுமதி இல்லாமல் நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தினார்கள், கொடுத்த சலுகையைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. பேசிய கருத்து தவறு என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கணும்.

நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையம் விளக்கம் கேட்டது. ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. அதற்குள் விஷயம் கைமீறிவிட்டது. ஒரு வளாகத்தில் சில பத்து பேருக்குத் தெரிந்திருந்த அமைப்பின் பெயரில் வேறு பல வளாகங்களிலும் வாசகர் வட்டங்கள் முளைத்தன. ஐஐடி மும்பையில் ‘அம்பேத்கர் பெரியார் பூலே வாசகர் வட்டம்’ உருவானது.

அடுத்த ஆண்டு டெல்லி ஜேஎன்யு. 2016 பிப்ரவரி 9 நிகழ்ச்சி, 12ஆம் தேதி மாணவர் சங்கத் தலைவர் கன்னையா குமார் கைது, தேசத் துரோக வழக்கு எனப் பரபரப்பு. அந்த நேரத்தில் ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நிர்வாகக் கட்டடத்தின் படிக்கட்டுகளையே வகுப்பறை ஆக்கினார்கள். ‘தேசியம் என்றால் என்ன?’ என்ற ஒரே கேள்வியை வைத்து, பிப்ரவரி 17 முதல் ஒரு மாத காலம் திறந்தவெளிப் பாடங்கள். அரசியல் அறிஞர் கோபால் குரு, வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பர் போன்றவர்கள் பேசினார்கள். எல்லாம் யூடியூபில் ஏறியது, பின்னர் புத்தகமாகவும் வந்தது.

அந்தப் படிக்கட்டுகளில் இன்று அப்படி உட்கார முடியாது. நிர்வாகக் கட்டடத்திலிருந்து 100 மீட்டருக்குள் போராட்டம் கூடாது என்று 2017ல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023ல் வந்த புதிய நடத்தை விதிகளில், தடை செய்யப்பட்ட பகுதியில் போராடினால் 20,000 ரூபாய் வரை அபராதம் என்று எழுதப்பட்டது. போராட்டத்துக்கும் திறந்தவெளிப் பாடத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதை முடிவு செய்வது யார்? நிர்வாகம்தான்.

மற்ற இடங்களிலும் இதே போக்கு. வெளிநாட்டவர் பங்கேற்கும் இணையவழிக் கருத்தரங்குகளுக்கு முன்அனுமதி வேண்டும் என்று 2021 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் விதி கொண்டுவந்தது. கல்வியாளர்கள் எதிர்த்ததால் அடுத்த மாதமே திரும்பப் பெற்றது. 2023 நவம்பரில் பாலஸ்தீனம் பற்றிய ஒரு நிகழ்ச்சி சர்ச்சையானதும், அரசியல் தொடர்பான நிகழ்ச்சிகளைப் பரிசீலிக்கக் குழு என்று ஐஐடி மும்பை இடைக்கால விதிகளை வெளியிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் பிபிசி ஆவணப்படத்தைத் திரையிட முயன்றபோது ஜேஎன்யுவில் கரண்ட் போனது. மாணவர்கள் செல்போனிலும் லேப்டாப்பிலும் பார்த்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு பேச்சுரிமையும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையும் தருகிறது. பொது ஒழுங்கு உள்ளிட்ட காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகள் போடலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கூட்டங்களை ரத்து செய்யும்போது அடிக்கடி காட்டப்படும் காரணம், ‘பிரச்னை வரும், சிலர் எதிர்க்கிறார்கள்’ என்பது.

இதற்கு உச்ச நீதிமன்றம் 1989லேயே பதில் சொல்லியிருக்கிறது. அதுவும் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில்! இடஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தைத் திரையிட்டால் தமிழ்நாட்டில் கலவரம் வரும் என்று வாதிடப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. எதிர்ப்பாளர்களைச் சமாளிக்க முடியாது என்று சொல்லி அரசு கருத்துரிமையைப் பறிக்க முடியாது, பாதுகாப்பு கொடுப்பதுதான் அரசின் வேலை என்றது. அந்தப் படத்தின் கருத்தை ஏற்காதவர்களுக்கும் இன்று அந்தத் தீர்ப்பு கவசமாக நிற்கிறது.

ஆனால் நடைமுறையில் ஒரு பெரிய ஓட்டை. இந்த அடிப்படை உரிமைகள் முதலில் அரசுக்கு எதிரானவை. தனியார் கல்லூரி பெரும்பாலும் ‘அரசு’ என்ற வரையறைக்குள் வராது. அங்கே அரங்கம் கொடுப்பதும் மறுப்பதும் தாளாளர் விருப்பம். மாணவர் பேரவைத் தேர்தலே பெரும்பாலான கல்லூரிகளில் முறையாக நடக்காத மாநிலத்தில், மாணவர் சார்பில் போய் அரங்கம் கேட்பதற்கே ஆள் இல்லை என்பது அடுத்த பிரச்னை.

ஒருதலைப்பட்சம் என்ற குற்றச்சாட்டு

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. எல்லாப் பேச்சாளரும் ஒரே கட்சி, கேட்பவரும் ஒரே கட்சி என்றால் அது பாடம் இல்லை, பொதுக்கூட்டம். ஜேஎன்யு உரைகள் மீதும் இந்த விமர்சனம் வந்தது. ஆசிரியர் மேடையில் நின்று ஒரு நிலைப்பாட்டைச் சொன்னால், மார்க் போடும் அதிகாரமும் அவர் கையில் இருக்கும்போது, மாணவர் எதிர்த்துப் பேசுவாரா என்ற கேள்வியும் இருக்கிறது.

எதிர்த்தரப்பு மேடையில் ஏறினால்தான் எடுபடும் என்பதற்கு 1943 சட்டக் கல்லூரியும் 1965 மிச்சிகனும் சாட்சி. அதேசமயம் ஒருதலைப்பட்சம் என்று சொல்லித் தடை செய்வதால் இன்னொரு தலை வந்துவிடாது. எதிர்த்தரப்பையும் கூப்பிடுங்கள் என்று நிபந்தனை போடும் கல்லூரி முதல்வர்கள் குறைவு. வேண்டாம் என்று சொல்வதுதான் அவர்களுக்கும் பாதுகாப்பு.

மறுபடியும் கும்மிடிப்பூண்டிக்கு வருவோம்

இங்கே இதனால் என்ன ஆகப் போகிறது? கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி எடுக்கப்படும் முடிவுகளில் பெரும்பாலானவை, சாதாரண ஆள் படித்துப் புரிந்துகொள்ள முடியாத ஆவணங்களில் இருக்கின்றன. காற்றில் தூசி எவ்வளவு, நிலத்தடி நீரில் என்ன கலந்திருக்கிறது, உருக்காலை உலையில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு என்பதெல்லாம் எண்களாக, ஆங்கிலத்தில், நூற்றுக்கணக்கான பக்கங்களில் கிடக்கிறது.

தேர்வாய் கண்டிகையை எடுத்துக்கொள்ளலாம். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் 1,127 ஏக்கர் மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்காக எடுக்கப்பட்டது. மிஷலின் டயர் ஆலை அங்கேதான் வந்தது. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் அந்த ஊர்க்காரர்கள் நீண்ட காலம் போராடினார்கள். அவர்களின் முக்கிய வாதம்: அந்தக் காடுதான் எங்கள் ஏரிகளுக்குத் தண்ணீர் தருகிறது, அது போனால் விவசாயமும் போகும், மாடும் போகும். அரசுத் தரப்பு சொன்னது: வேலைவாய்ப்பு, தொழில் வளர்ச்சி.

இது உணர்ச்சி சார்ந்த சண்டையாக மட்டும் முடிந்திருக்க வேண்டியதில்லை. காட்டிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக, எவ்வளவு வருகிறது என்பது அளந்து பார்க்கக்கூடிய விஷயம். புவியியல் துறையும் சிவில் துறையும் ஒரு மாலை நேரம் வரைபடத்தை விரித்து வைத்து, ஊர்க்காரரையும் சிப்காட் அதிகாரியையும் ஒரே மேடையில் உட்காரவைத்திருந்தால், யார் சொல்வது சரி என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். கிராம சபை தீர்மானம் போடலாம். ஆனால் அதனிடம் ஆய்வுக்கூடம் இல்லை. கல்லூரியிடம் இருக்கிறது.

தடுப்பது எது? ஒன்று, வேலை. சிப்காட் கம்பெனிகள்தான் இந்தக் கல்லூரிகளுக்கு கேம்பஸ் இன்டர்வியூ வருகின்றன, இன்டர்ன்ஷிப் தருகின்றன. மாணவரின் அப்பாவோ அண்ணனோ அதே கம்பெனி ஷிப்டில் இருக்கலாம். மாசு பற்றி மேடை போட்டுப் பேசினால் அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி வருமா என்ற பயம் நியாயமானதுதான். அதைக் கோழைத்தனம் என்று தூரத்தில் இருந்துகொண்டு சொல்லிவிட முடியாது. இந்தப் பகுதியில் ஆலையை மூடு என்பவரைவிட, ஆலையும் வேணும், மூச்சு விடவும் வேணும் என்பவர்கள்தான் அதிகம். இரண்டையும் சேர்த்துப் பேச ஓர் இடம் இல்லை என்பதே அவர்களின் சிக்கல்.

இன்னொன்று, யார் பேசுவது? அரசுக் கல்லூரி ஆசிரியர் அரசு ஊழியர். 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிக்கக் கூடாது என்கின்றன. நிரந்தரப் பணி இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள் நிலைமை இன்னும் மோசம். அடுத்த ஆண்டு பணி நீடிக்குமா என்பதே தெரியாதவர், துறைமுகம் பற்றி மைக் பிடிப்பாரா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பல்கலைக்கழகக் கல்விக் குழு 1948ல் அமைக்கப்பட்டது, 1949ல் அறிக்கை தந்தது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் கருத்துச் சொல்ல, மற்ற குடிமக்களுக்கு இருக்கும் அதே சுதந்திரம் ஆசிரியருக்கும் இருக்க வேண்டும் என்று அந்த அறிக்கை தெளிவாகவே சொன்னது. குழுவின் தலைவர் டாக்டர் எஸ்.ராதாகிருஷ்ணன். பிறந்த ஊர் திருத்தணி, இன்றைய திருவள்ளூர் மாவட்டம். அவர் பிறந்தநாளான செப்டம்பர் 5தான் ஆசிரியர் தினம். 2023ல் காட்டுப்பள்ளி கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறிக்கப்பட்டு, பிறகு நடக்காமல் போனதும் அதே நாள்தான்.

அப்போ மாணவர்களால் இப்போதைக்கு என்ன செய்ய முடியும்?

அனுமதி கிடைக்கும் வடிவங்கள் இருக்கவே செய்கின்றன. 2020ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது கல்லூரிகள் ஊரடங்கில் மூடிக்கிடந்தன. அறிவிக்கை முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வந்தது. எல்லா அட்டவணை மொழிகளிலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குள் மாணவர்களும் இளைஞர்களும் ஜூம் கூட்டங்களில் அதைப் பத்தி பத்தியாகப் பிரித்துப் படித்து, மொழிபெயர்த்து, ஆட்சேபனை அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். கருத்துக்கேட்புக்கு இருந்த 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைக்கும் யோசனை அந்த வரைவில் இருந்தது பலருக்கும் தெரியவந்தது அப்படித்தான்.

2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி, ஒரு திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தால் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்கிப் படிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. வேதியியல் மாணவர் ஒருவர், மீன்வள மாணவர் ஒருவர், பழவேற்காட்டிலிருந்து வலை போடுபவர் ஒருவர் உட்கார்ந்து அந்தச் சுருக்கத்தைப் படிக்க ஆரம்பித்தால், அதற்கு அரங்கமும் வேண்டாம். ராத்திரி கடைசி மின்சார ரயில் கிளம்பும் வரை நேரம் இருக்கு.